மஞ்சக்கண்ணு

என் மாமனாரை அவர் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மஞ்சக்கண்ணு என்றால்தான் தெரியும். அவருடைய லாண்டரிக்கு போர்டு உண்டு, அதில் வேறு ஏதோ பெயர் எழுதியிருக்கும், அதை யாரும் படித்ததில்லை. சம்பந்தம் பேசப் போன அன்று வழி கேட்டதற்கு ஒருவர், "மஞ்சக்கண்ணு கடையா? நேரா போங்க, மூஞ்சில ஆவி அடிக்கும், அங்க நில்லுங்க" என்றார். என் அம்மா அப்போதே என் கையைக் கிள்ளினாள். "என்னடா பேரு இது? குடிகாரனா இருப்பான்டா."

போய்ப் பார்த்தால் மனிதருக்குக் கண் இரண்டும் துவைத்து வைத்த மாதிரி வெள்ளை. என் அம்மா லேசுப்பட்டவள் இல்லை, உட்கார்ந்த உடனே கேட்டுவிட்டாள். "குடும்பத்துல சீக்கு ஏதாவது உண்டா? அந்தப் பேரு எப்படி வந்துச்சு?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அது சின்ன வயசுல எவனோ வச்ச பேரும்மா. எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல."

மனைவியை இழந்தவர், இரண்டு பெண்களையும் ஒரு பையனையும் ஒற்றை ஆளாக வளர்த்தவர். நம்பினோம். எனக்கு நம்புவதற்குத் தனிக் காரணமும் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மூத்த பெண்ணிடமிருந்து ஒரு வாசம் வந்தது. சுத்தமான துணியின் வாசம், கொஞ்சம் காரம், கொஞ்சம் குளிர்ச்சி. அதில்தான் நான் விழுந்தேன் என்று சொன்னால் என் மனைவி இன்றைக்கும் அடிக்க வருவாள். ஆனால் உண்மை அதுதான்.

மாமனாருக்குத் தொழில் கர்வம் அதிகம். சட்டையை வாங்கும்போதே காலரைப் பிரித்துப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். "இவரு தலைக்குச் சாயம் அடிக்கறாரு. இவன் பேனாவ மூடாம பையில போடறவன்." கழுத்துப் பட்டியின் உள்ளே அழியாத மையில் எண் போடுவது, கறைக்கு ஏற்ற மாதிரி பிரஷ் எடுப்பது, ஆவியை எங்கே விட்டு எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அதில் பெரிய சட்டம் ஒன்று: "நான் கட்டின கட்டைப் பிரிச்சா நேரா உடம்புக்கு. நடுவுல தண்ணி படக் கூடாது." அவர் கொடுத்த துணியை யாராவது வீட்டில் மறுபடி நனைத்தார்கள் என்று தெரிந்தால் போதும், கன்னத்தில் அறைந்த மாதிரி எடுத்துக்கொள்வார். ஒரு வாடிக்கைக்காரரிடம் இதற்காக எட்டு மாதம் பேசாமல் இருந்தவர் அவர்.

எங்களுக்குப் பையன் பிறந்த மறுநாள், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். நான் லிஃப்ட் மெக்கானிக். நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைக் கேலி செய்துகொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐம்பத்திரண்டு துணி. பிஞ்சு உடம்புக்குக் குத்தக் கூடாது என்று பழைய மெல்லிய பருத்தியாகத் தேடிப் பிடித்து, ஏழு முறை அலசி, இஸ்திரி போட்டு, கர்ப்பம் உறுதியான மாதமே மடித்து அடுக்கச் சொல்லியிருக்கிறார். அடுக்கியவள் இளைய மகள், என் மச்சினி. பூச்சி அண்டாமல் இருக்க மூலைக்கு மூன்று பாச்சை உருண்டை.

என் அம்மா, "எதுக்கும் ஒரு தடவ வெந்நீர்ல அலசிடறேன்" என்று கையை நீட்டினாள். மாமனார் முகம் சுண்டிப்போனது. நான்தான் நடுவில் புகுந்தேன். "நம்ம வீட்டு சோப்பவிட அவர் துவைச்சது மேலம்மா. விடு." பெரிய மனுஷத்தனம்! அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

மூன்றாம் நாள் பையன் மஞ்சளானான். முதலில் நெற்றி, பிறகு மார்பு. பிறந்த குழந்தைக்கு வருவதுதான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாலாம் நாள் காலையில் உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது. பால் குடிக்க எழுப்பினால் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

குழந்தைகள் டாக்டர் அம்மா சின்ன உருவம், பெரிய குரல். பாதத்தை அழுத்திப் பார்த்து, ரத்தம் எடுத்து அனுப்பி, கண்ணுக்குக் கட்டுப் போட்டு நீல விளக்கின் கீழே வெற்றுடம்பாகப் படுக்க வைத்தாள். மஞ்சள் அளவு பதினேழு என்று வந்தது.

"ரத்தத்துல சிவப்பணு உடையுது. உடைஞ்சா மஞ்சள் சேரும். அளவு மீறிப் போனா மூளைக்குள்ள இறங்கிடும். இறங்கிட்டா காது போகலாம், கை கால் போகலாம், உயிரும் போகலாம்" என்றாள் டாக்டர். பயமுறுத்தவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. "ஏன் உடையுதுன்னுதான் தெரியல. அம்மா ஓ குரூப், பிள்ளையும் ஓ குரூப். அதனால குரூப் சண்டை இல்ல. உங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது திடீர்னு மஞ்சள் வந்தது உண்டா? ரத்தம் குறைஞ்சது? சின்னதா இருந்தாலும் சொல்லுங்க."

நான் பி குரூப். எங்கள் பக்கம் சர்க்கரையும் வாயும்தான் பரம்பரை என்று அம்மா சொன்னாள். என் மனைவி தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என் அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார்.

"பவுடர், எண்ணெய், நாட்டு மருந்து, ஏதாவது பூசினீங்களா?"

"இல்ல. சுத்தமான துணி, தாய்ப்பால். அவ்வளவுதான்" என்றேன். அந்தத் துணியில் இருந்த வாசம் எனக்கு மருந்து வாசமாகவே படவில்லை. அது என் மனைவியின் வாசம். அவளுக்கோ மாமனாருக்கோ கேட்கவே வேண்டாம், முப்பது வருஷம் அதிலேயே கிடந்த மூக்கு. மீனவன் வீட்டில் மீன் நாறுமா?

அப்போது மணி எட்டரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் பையனை விளக்கிலிருந்து எடுத்து, வீட்டுத் துணியில் சுற்றி, பால் கொடுக்கத் தருவாள். பால் இறங்காது, பஞ்சில் பிழிந்து விடுவோம். விளக்கின் கீழே இருந்தும் அளவு இறங்கவில்லை. பதினொன்றரைக்குப் பத்தொன்பதரை. டாக்டர் விளக்கை மாற்றினாள், இன்னொன்றைக் கீழேயும் வைத்தாள். பையன் அழுகை மாறியது. அதுவரை கத்தியவன் கீச்சென்று, கதவுக் கீல் மாதிரி ஒரு சத்தம் போட்டான். என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இவன் ஏங்க இப்படி அழறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாமனார் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தைத் துணிக் கட்டு. ஒரு துண்டை எடுத்து மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். நான் எதிரே போய் நின்றபோது ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் அம்மா பின்னாலேயே வந்தாள். அவர் மூடிக்கொண்டார். பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்து அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தேன்!

இரண்டரை மணிக்கு இருபத்து நாலு.

"இனி விளக்கை நம்ப முடியாது" என்றாள் டாக்டர். "ரத்தத்தையே மாத்தணும். தொப்புள் வழியா பழசைக் கொஞ்சம் எடுத்து, புதுசைக் கொஞ்சம் விட்டு, அப்படியே முழுக்க மாத்திடுவோம். ரத்த வங்கியில ஓ இருக்கு, ஆனா நாள்பட்டது. இதுக்குப் புத்தம் புதுசு வேணும். ஓ குரூப் யாரு இங்க?"

என் மனைவி எழுந்தாள். நாலு நாள் முன்னால் பிள்ளை பெற்றவள். டாக்டர் அவளை உட்கார வைத்தாள்.

"அப்பா ஓ தான்" என்றாள் அவள். "அப்பா, நீங்க குடுங்கப்பா!"

மாமனார் எழுந்து நின்றார். நர்ஸ் அவர் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டினாள். இஸ்திரி போட்டுப் போட்டு உருண்டு திரண்ட கை, நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது. "நல்ல நரம்பு ஐயா" என்று நர்ஸ் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பத்தடி போயிருப்பார். நின்றார்.

"என் ரத்தம் வேணாம்" என்றார்.

எல்லாரும் திரும்பினோம்.

"என் ரத்தம் கெட்ட ரத்தம் டாக்டர். எனக்கு வந்திருக்கு. ஒரு தடவ இல்ல, பல தடவ. கண்ணு மஞ்சளாகும், சிறுநீர் கறுப்பு டீ மாதிரி போகும், நாலு படி ஏற முடியாது. அதான் என் பேரே. அது பட்டப் பேரு இல்லம்மா, நிஜம்" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "காலையிலயே சொல்லியிருக்கணும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பெரியவர் என்றும் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? பிள்ளை செத்த பிறகு சொல்லலாம்னு இருந்தீங்களா?" என்று கத்தினேன். டாக்டர் என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் வந்தாள்.

"எப்ப எப்ப வரும்? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை. "குளிர் முடிஞ்சு கோட்டு, கம்பளி எல்லாம் கட்டி வைக்கற சீசன்ல. பெரிய லாண்டரியில வேலை பாத்தேன். ஜன்னல் இல்லாத ரூம்ல பதினஞ்சு நாள் கட்டுவோம். மூணாம் நாள் எனக்கு வந்துடும். குடிக்கறேன்னு சொல்லி மொதலாளி வேலையை விட்டு நிறுத்திட்டாரு. சத்தியமா ஒரு சொட்டு தொட்டதில்ல டாக்டர். ஈரல் சீக்குன்னு நானா நினைச்சுக்கிட்டேன். சொந்தக் கடை போட்ட பிறகும் வந்துச்சு. பொண்ணுங்க வளர்ந்து அவங்க கட்ட ஆரம்பிச்ச பிறகு நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு இருந்தேன்."

"கட்டும்போது உள்ள என்ன போடுவீங்க?"

"பாச்சை உருண்டை."

டாக்டர் திரும்பி என் மனைவியின் மடியைப் பார்த்தாள். பையன் அந்த வெள்ளைத் துண்டில்தான் சுருண்டிருந்தான். "இந்தத் துணி?"

"நாங்க கட்டினதுதான்" என்றாள் என் மனைவி மெதுவாக.

டாக்டர் முகக் கவசத்தைக் கீழே இழுத்தாள். குனிந்து முகர்ந்தாள். "கழட்டுங்க! மொத்தத்தையும் கழட்டுங்க. இந்தக் கட்டு வார்டுலயே இருக்கக் கூடாது." நான் துண்டைப் பிடுங்கி எறிந்தேன். நர்ஸ் ஆஸ்பத்திரித் துணி கொண்டுவந்தாள். மாமனார் தன் மடிப்புக் கலையாமல் கீழே கிடந்த அந்தத் துணிகளைத் தொடக்கூட இல்லை.

அடுத்து மாமனார் சொன்னதுதான் எங்களை இன்னும் ஆட்டியது. மச்சான் அந்த நேரம்தான் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டுச் சீருடையோடு ஓடிவந்தான். அவனும் ஓ. சட்டையைச் சுருட்டிக்கொண்டே, "நான் தரேன்" என்றான். மாமனார் குறுக்கே விழுந்தார்.

"வேணாம் டாக்டர்! அவன் என் ஒரே பையன், என் ரத்தமேதான் அவன் உடம்புல ஓடுது. பொறந்ததுலேருந்து தினம் காலையில அவன் கண்ணை இழுத்துப் பாத்துத்தான் கடையைத் திறப்பேன். கடைக்குள்ளயே விடாம வளத்தேன். அவன் ரத்தத்தைக் குழந்தைக்கு ஏத்தாதீங்க!"

"ஐயா, கேளுங்க" என்றாள் டாக்டர். குரல் முதல் முறையாக இறங்கியது. "சிவப்பணு உடையாம காப்பாத்தற ஒரு சத்து உண்டு. அதைச் செய்யற குறிப்பு எக்ஸ்னு ஒரு இழையில எழுதியிருக்கு. பொம்பளைக்கு அந்த இழை ரெண்டு. ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணு, கூட ஒய்னு ஒரு குட்டி இழை. உங்க எக்ஸ்ல அந்தக் குறிப்பு பிழையா இருக்கு, அதான் பாச்சை உருண்டை நெடி பட்டா சிவப்பணு உடையுது. பையனுக்கு அப்பா குடுக்கறது ஒய்யைத்தான். உங்க எக்ஸ் உங்க பையனுக்குப் போகவே போகாது. அவருக்கு எக்ஸ் குடுத்தது அவங்க அம்மா."

மாமனார் அவளையே பார்த்தார். "அப்ப யாருக்குப் போச்சு?"

"பொண்ணுங்களுக்கு. ரெண்டு பேருக்கும். தப்பிக்கவே முடியாது, ஏன்னா நீங்க பொண்ணுக்குக் குடுக்க ஒரு எக்ஸ்தான் இருக்கு."

இருபத்தைந்து வருஷம் பையனின் கண்ணை இழுத்துப் பார்த்தவர். அவனைத் தூர வைத்துவிட்டு, பாச்சை உருண்டையைப் பெண்கள் கையில் கொடுத்தவர். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணுமே வரலையே டாக்டர்?" என்றாள் என் மனைவி.

"உங்ககிட்ட ரெண்டு எக்ஸ் இருக்கே. ஒவ்வொரு செல்லும் கருவிலேயே ரெண்டுல ஒண்ணை மூடி வச்சிடும். சிலதுல அப்பா குடுத்தது மூடும், சிலதுல அம்மா குடுத்தது மூடும். நல்லது திறந்திருக்கற செல்லு உங்க பாரத்தைச் சுமந்துடுச்சு. பிள்ளைக்கு நீங்க குடுத்தது ஒண்ணே ஒண்ணு. அது தாத்தாவோட எக்ஸா போச்சு. பாதிக்குப் பாதி வாய்ப்பு, யார் தப்பும் இல்ல."

எனக்குப் புரிந்தது என் தொழிலில்தான். பிரேக் லைனிங் தேய்ந்த லிஃப்ட் காலியாக ஓடினால் ஒழுங்காகத்தான் ஓடும். எட்டுப் பேர் ஏறினால்தான் வழுக்கும். இவன் ரத்தத்தில் லைனிங் தேய்ந்திருந்தது. அந்த உருண்டைதான் எட்டுப் பேர்.

"அப்ப நான் இதுல என்ன குடுத்தேன்?" என்று கேட்டேன்.

"ஒய் குடுத்தீங்க. அதனால பையன். இந்த விஷயத்துல உங்களுக்குப் பங்கே இல்ல சார், நகருங்க" என்று டாக்டர் உள்ளே போய்விட்டாள்.

மச்சானின் ரத்தத்தை அப்படியே நம்பி எடுக்கவில்லை. அவன் அம்மா வழியில் வந்திருக்கலாமே என்று சோதித்தார்கள். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் பையன் ஒருமுறை முதுகை வில்லாக வளைத்தான். என் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு நர்ஸ் வந்து, "நல்ல ரத்தம்" என்றாள். ஊசியில் எடுப்பதும் விடுவதுமாக ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணினேன், பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது. சாயங்காலம் அளவு பன்னிரண்டு. மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் பையன் பசிக்கு அழுதான். நல்ல, எரிச்சலூட்டும், கர்ணகடூரமான அழுகை.

உயிர் தப்பியது. மற்றது தெரிய மூன்று மாதம் ஆகும் என்றாள் டாக்டர். "மூளை முழுசாத் தப்பிச்சுதான்னு காதுதான் முதல்ல சொல்லும். மூணாம் மாசம் சோதனைக்கு வாங்க."

அந்த மூன்று மாதமும் நான் மாமனாரிடம் பேசவில்லை. ஒரே ஒருமுறை கேட்டேன், வீட்டுக்குப் பையனைக் கொண்டுவந்த அன்று. "காலையில டாக்டர் கேட்டப்ப ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா என் பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன், மாப்பிள்ளை. அன்னைக்கு சம்பந்தம் பேசறப்பவே சொல்லியிருந்தா உங்கம்மா பொண்ணு எடுத்திருப்பாங்களா?"

எடுத்திருக்க மாட்டாள். எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. அவர் தகரப் பெட்டியைத் தானே கொண்டுபோனார். கடையில் ஒரு உருண்டைகூட மிச்சம் வைக்கவில்லை என்று மனைவி சொன்னாள். மச்சினியை டாக்டரிடம் கூட்டிப்போய், அவள் தவிர்க்க வேண்டிய மருந்துகளை எல்லாம் எழுதி வாங்கி, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார், வருகிற போகிறவர்கள் எல்லாரும் படிக்கும்படி. "இனி என் பொண்ணைக் கேட்டு வரவங்க இதைப் படிச்சிட்டு வரட்டும்" என்றாராம். இத்தனை கேட்டும் எனக்கு மனம் இளகவில்லை. பையனுக்குப் பின்னால் போய் தட்டைத் தட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் திரும்புவான், ஒரு நாள் திரும்ப மாட்டான். தூக்கம் போனதுதான் மிச்சம்.

சோதனை நாளன்று பையனைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதில் சின்னக் குழாய் வைத்து, திரையில் கோடுகளைப் பார்த்தார்கள். வலது காது. பிறகு இடது. அந்த அறையில் நானும் மனைவியும் மட்டும். முடிந்ததும் சோதனை செய்த பெண் திரும்பி, "ரெண்டுமே நல்லா இருக்கு" என்றாள். என் மனைவி சத்தமில்லாமல் அழுதாள். அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் வெளியே வந்தேன்.

மாமனார் வராந்தாவின் கோடியில் நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாக வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. கண் மட்டும் என் முகத்தில் இருந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. கிடக்கட்டும் என்று இருந்தது. எனக்கு எப்படி இருந்தது என்று இவருக்கும் தெரியட்டும். போனை எடுத்துப் பார்த்தேன், பையில் போட்டேன். அவர் கை சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தது. சுருக்கமே இல்லாத சட்டை. ஒரு நிமிஷம் போயிருக்கும், இரண்டு போயிருக்கும். சொல்லாமல் நிற்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தொண்டை வரை வந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு முயற்சியும் தேவையில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அவராகவே தலையை ஆட்டி, புரிந்துகொண்டவர் போல, மெல்லத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

"மாமா!" என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "கேக்குது மாமா. அவனுக்கு நல்லா காது கேக்குது."

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும். உள்ள வாங்க, முழிச்சிருப்பான்" என்றேன்.